கியர் இறுகினால் காய்கறி வாடும்

விளைச்சலைப் பெருக்குவதில் விவசாயிகள் காட்டும் அக்கறை, விளைந்த பொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வண்டியின் மீது காட்டப்படுவதில்லை. பம்புசெட் நின்றுவிட்டால் அன்றே ஆள் அழைத்துப் பழுது பார்க்கப்படுகிறது. மருந்துத் தெளிப்பான் அடைத்துக்கொண்டால் வரப்பிலேயே உட்கார்ந்து கழற்றிச் சுத்தம் செய்யப்படுகிறது. லோடு வண்டியின் கியர் இறுகினால் மட்டும், "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் போக்கு மாற வேண்டும்.

சென்னையின் தென்பகுதிக்குக் காய்கறி வந்து சேரும் வழியைப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். 1996ஆம் ஆண்டில் மொத்த வியாபாரம் கொத்தவால்சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்கு மாறியது. அதன் பின் மயிலாப்பூர் தெற்கு மாட வீதிக்கும், தியாகராய நகர், அடையாறு கடைகளுக்கும் விடியுமுன் சரக்கு எடுத்து வருபவை பெரும்பாலும் சிறு லோடு வண்டிகளே. 2005ல் அறிமுகமாகி, மக்கள் வாயில் 'குட்டி யானை' என்று பெயர் பெற்ற வண்டியும், அதைவிடச் சற்றுப் பெரிய பிக்கப் வண்டிகளும் இவற்றில் அடங்கும். செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து கீரை, கத்தரி, வெண்டை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் திருவான்மியூருக்கும் அடையாற்றுக்கும் நேரே வரும் வண்டிகளும் உண்டு.

கோயம்பேட்டிலிருந்து மயிலாப்பூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் சிக்னல், மேம்பாலம், சந்துத் திருப்பம் என்று டிரைவர் கியர் மாற்றும் தடவைகளுக்குக் கணக்கில்லை. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ், பனகல் பார்க் பகுதிகளில் சாலைகள் மாற்றிவிடப்பட்ட பிறகு இந்தத் தடவைகள் இன்னும் கூடின. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடும் லாரியைவிட, நகருக்குள் ஓடும் சிறு வண்டியின் கிளட்ச் விரைவில் தேய்வது இயற்கை.

டிரைவர் முதலில் இதை உணர்கிறார். "இரண்டாவது கியர் விழ மாட்டேங்குதுங்க முதலாளி" என்கிறார். "பொங்கல் லோடு முடியட்டும்ப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பதில் வருகிறது. பொங்கல் முடிவதற்குள் வண்டி நடுச்சாலையில் நின்றுவிடுகிறது. கீரைக்கட்டு வெயிலில் காய்கிறது. கடைக்காரர் வேறு இடத்தில் சரக்கு வாங்கிக்கொள்கிறார். விதைத்து, நீர் பாய்ச்சி, களையெடுத்து, அதிகாலையில் அறுத்துக் கட்டிய உழைப்பெல்லாம் கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் வீணாகிறது.

நஷ்டத்தைவிடப் பெரியது ஆபத்து. கியர் விழாத வண்டியை ஓட்டுபவரின் கண் சாலையில் இருப்பதில்லை. கியர் தடியில் இருக்கிறது. மேம்பாலத்தில் ஏறும்போது கியர் குறைக்க முடியாமல் வண்டி பின்னோக்கி உருளக்கூடும். இறங்கும்போது நியூட்ரலில் விட்டுவிட்டால் என்ஜினின் பிடிப்பு போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். உஸ்மான் சாலை போன்ற ஜன நெருக்கமான இடத்தில் இதன் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காரணத்தை அறிவது எப்படி?

கியர் இறுகுவது ஒரு நோயல்ல, நோயின் அறிகுறி. இலை மஞ்சளானதும் உரத்தை அள்ளிக் கொட்டாமல், தழைச்சத்துக் குறைவா, நீர் தேங்கியதா என்று பார்ப்பதுபோல இங்கும் பார்க்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒன்று விழாவிட்டால் கைப்பிரேக்கை எடுத்து, வண்டியைச் சிறிது அசைத்துவிட்டு மறுபடி போடலாம். அதன்பின் கைப்பிரேக் போட்ட நிலையில் என்ஜினை ஓடவிட்டு, கிளட்சை முழுதும் மிதித்து, இதே சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

என்ஜின் அணைந்திருக்கும்போது கியர் எளிதாக விழுந்து, ஓடும்போது இறுகினால் பெரும்பாலும் குறை கிளட்சில் இருக்கிறது. கிளட்ச் முழுமையாக விடுபடாததால் கியர் பெட்டியின் தண்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. பற்கள் இணைய மறுக்கின்றன. கேபிள் உள்ள வண்டியில் கேபிள் நீண்டோ, இழை பிரிந்தோ இருக்கலாம். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் கிளட்சாக இருந்தால் கசிவோ, காற்றுப் புகுந்ததோ காரணமாகலாம். அதில் ஊற்றப்படும் பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஆகவே கையேட்டில் கண்ட காலக்கெடுவில் அதை மாற்றிவிட வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும்.

என்ஜின் அணைந்திருக்கும்போதும் எல்லாக் கியரும் இறுகினால், தடியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கம்பிகளையும் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். கடலோரச் சாலையில் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றால் இந்த மூட்டுகள் துருப்பிடிப்பது எளிது. கிரீஸ் வைத்தாலே பல வண்டிகளில் குறை தீர்ந்துவிடும். ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் தொடர்ந்து தகராறு செய்தால், வேகத்தைச் சமன்படுத்தும் பித்தளை வளையம் தேய்ந்திருக்கலாம். இதற்குப் பெட்டியைக் கழற்றியே தீர வேண்டும்.

எண்ணெயில் சிக்கனம் கூடாது

கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கியர் ஆயிலை ஊற்றுவதும் தவறு. கியர் ஆயிலில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று தரங்கள் உண்டு. பின் அச்சுக்கு ஏற்ற ஜி.எல்.5 எண்ணெயில் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த சேர்மானங்கள் அதிகம். அவற்றுள் சில, கியர் பெட்டியிலுள்ள பித்தளை வளையங்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அளவுக்கு மிஞ்சிய வழுக்கலும் வளையத்தின் பிடிப்பைக் குறைக்கும். காலையில் இறுகி, வண்டி சூடேறியதும் இளகினால் எண்ணெய் தேவைக்கு மேல் தடிப்பானதாக இருக்கலாம். தயாரிப்பாளர் கையேட்டில் எழுதியுள்ள தரத்தையும் தடிப்பையும் மட்டுமே பின்பற்ற வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் நீர் புகுந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மூழ்கியபோதும் தெருவில் நின்ற வண்டிகள் நீரில் கிடந்தன. என்ஜினை மட்டும் சரிபார்த்து ஓட்டினால் போதாது. கியர் பெட்டியின் காற்றுத் துவாரம் வழியாக நீர் உள்ளே போயிருக்கக்கூடும். எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். அதை உடனே வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். தவறினால் பேரிங்குகள் துருப்பிடித்து, சில மாதங்கள் கழித்துப் பெட்டி முழுவதும் கெடும். அப்போது வெள்ளத்தை எவரும் நினைப்பதில்லை. டிரைவரைத்தான் குறை சொல்வார்கள்.

டிரைவருக்கும் பொறுப்பு உண்டு. கிளட்சின் மேல் காலை வைத்தபடியே ஓட்டுவது, மேம்பாலத்தில் பிரேக் பிடிக்காமல் அரைக் கிளட்சில் வண்டியை நிறுத்திவைப்பது, அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவது ஆகியவை கிளட்ச் தட்டைக் கருக்கிவிடும். ரிவர்ஸ் கியரில் பல வண்டிகளுக்குச் சமன்படுத்தும் வளையம் கிடையாது. வண்டி முழுதும் நின்று, கிளட்சை மிதித்து இரண்டு மூன்று விநாடி கழித்தே அதைப் போட வேண்டும். பழைய ஜீப்புகளில் முதல் கியருக்கும் இந்த வசதி இல்லாததால், அக்காலத்து டிரைவர்கள் இருமுறை கிளட்ச் மிதித்துப் பக்குவமாக ஓட்டக் கற்றிருந்தனர். அந்தப் பொறுமை இன்றைக்கும் வேண்டியதே.

செலவு யாருடையது?

தவணை கட்டும் சிறு வண்டிக்காரருக்கு ஒரு நாள் வண்டி நின்றாலும் கஷ்டம் என்பது உண்மை. ஆனால் கேபிளைச் சரிசெய்வதும் எண்ணெய் மாற்றுவதும், காலை லோடு இறக்கிய பிறகு பகல் ஓய்வு நேரத்தில் முடிகிற வேலை. கிளட்ச் தட்டு மாற்றுவதை, கல்யாண லோடு குறையும் ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளலாம். தானாக நிற்கும் வண்டி நாள் பார்த்து நிற்பதில்லை. பற்கள் உடைந்த பின் புதுப்பேட்டையில் பழைய பெட்டி தேடி அலையும் செலவும் நாட்களும் பல மடங்கு.

இந்தச் செலவை வண்டிக்காரர் தலையில் மட்டும் சுமத்துவதும் நியாயமல்ல. வாடகையை அடிமட்டத்துக்குப் பேரம் பேசிவிட்டு, சரக்கு நேரத்துக்கு வரவில்லை என்று கோபிப்பதில் பயனில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் விதை, உரம், கூலி என்று எழுதும் கணக்கில் வண்டிப் பராமரிப்புக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும். கிளட்ச் எப்போது சரிபார்க்கப்பட்டது, எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று ஒரு நோட்டில் குறித்துவர வேண்டும். குறை சொல்லும் டிரைவரைக் கடிந்துகொள்ளாமல், அவர் சொன்ன தேதியையும் அதே நோட்டில் எழுத வேண்டும். விவசாயிகளுக்குக் குறைந்த வாடகையில் டிராக்டர் விடும் வேளாண்மைப் பொறியியல் துறையின் தலைமை அலுவலகம் நந்தனத்தில் இருக்கிறது. அத்துறையும் வேளாண் விரிவாக்கப் பணியாளர்களும் டிராக்டரோடு லோடு வண்டியையும் பயிற்சியில் சேர்த்துக்கொண்டால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மாட்டு வண்டி ஓட்டிய காலத்தில், அச்சுக்கு மை போடாமல் எந்த விவசாயியும் சந்தைக்குக் கிளம்பியதில்லை. சக்கரம் கிறீச்சிட்டால் வழியிலேயே நிறுத்திப் பார்த்தார்கள். இன்றைய வண்டியில் கியர் இறுகுவதும் அதுபோன்ற எச்சரிக்கையே. அதைக் கேட்ட அன்றே கவனித்தால் வண்டியும் நிலைக்கும், விளைந்த பொருளும் வாடாமல் விலை போகும்.