கோல்கீப்பருக்குப் போட்டி நல்லதாம்!

"போட்டி இருந்தாத்தான் திறமை வளரும்"னு எல்லாருக்கும் ஒரே மருந்துச்சீட்டு எழுதுறீங்களே, ஹாக்கி ஃபார்வர்டுக்கு அது சரி. கோல்கீப்பருக்கு விஷம்.

ஃபார்வர்டுகள் மாறி மாறி உள்ளே போவாங்க, நாலாவது ஆளுக்கும் பத்து நிமிஷம் கிடைக்கும். கீப்பர் இடம் ஒண்ணே ஒண்ணு. 60 நிமிஷமும் ஒருத்தரே நிப்பார், இன்னொருத்தர் பெஞ்சுல.

2023 ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை பார்க்க அடையாறு, தி.நகர்லேர்ந்து எழும்பூர் போனீங்களே, கிரிஷன் பதக்னு ஒருத்தர் ஞாபகம் இருக்கா? ஸ்ரீஜேஷ் இருக்கும்.

ஒலிம்பிக்ஸ் அணிக்கு 16 பேர்தான். 2024 பாரிஸ்ல ஒரே கீப்பர்: 36 வயசு ஸ்ரீஜேஷ். 27 வயசு பதக் ரிசர்வ். டோக்கியோவிலும் அவருக்கு இடமில்லை.

ஸ்ரீஜேஷைக் குறை சொல்லலை, வெண்கலத்துல அவர் பங்கு பெருசு. "அவரும் காத்திருந்துதானே வந்தார்"னு கேப்பீங்க. ஆமா, 2006ல சீனியர் அணிக்கு வந்தவர், ஏட்ரியன் டிசோசா, பரத் சேத்ரிக்குப் பின்னாடி வருஷக்கணக்கா நின்னார். பிழைச்ச நோயாளியைக் காட்டி மருந்து நல்லதுங்கிற வாதம் இது. பிழைக்காதவங்களை எண்ணினீங்களா?

வருஷக்கணக்கா ரிட்ராக்டர் மட்டும் பிடிச்ச டாக்டர் கையில திடீர்னு கத்தி குடுத்தா நீங்க டேபிள்ல படுப்பீங்களா? 100 கிமீ வேகத்துல வர்ற டிராக் ஃப்ளிக்கைத் தடுக்குறதும் பாத்துக் கத்துக்கிற விஷயமில்லை.

வழி இருக்கு. ப்ரோ லீக்ல நம்ம அணியே ரெண்டு கீப்பரையும் குவார்ட்டர் மாத்தி நிறுத்தியிருக்கு. ஸ்கூல் மேட்ச்ல மட்டும் ஏன் முடியலை? முழு பேடும் மாட்டிக்கிட்டு சென்னை வெயில்ல ஒரு பையன் சும்மா உக்காந்திருக்கான் சார். ரெண்டு குவார்ட்டர் குடுங்க.