அது பேய்தான் அக்கா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நேரம். மேல்மாடியில் இருந்து ஒரு பாட்டு இறங்கி வந்தது. பியானோ, அதன் மேல் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி ஓர் உச்சக் குரல். படிவம் நான்கில் படிக்கும் அக்கா மகளின் அறை அது.

"என்னாடி பாட்டு இது? ஒரு வாரமா இதேதான் ஓடுது. பேய் கத்துற மாதிரியே இருக்கு," என்றார் அக்கா.

"அது பேய்தான் அக்கா," என்றேன்.

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவர் குஷனைத் தூக்கி என் மேல் எறிந்தார். கிண்டல் இல்லை, நிஜம். கேட் புஷ் பாடிய 'வுதரிங் ஹைட்ஸ்' பாட்டில் நாம் கேட்பது செத்துப்போன ஒரு பெண்ணின் குரல். இருட்டில், குளிரில், ஒரு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே இருக்கும் காதலனைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ஆவியின் பாட்டு என்பதால்தான் குரலை அவ்வளவு உயரத்தில் வைத்தார் பாடகி. அக்காவின் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

ஆனால் அக்காவின் உண்மையான வருத்தம் சத்தத்தைப் பற்றியது இல்லை. "அடுத்த வருசம் எஸ்.பி.எம். இந்த நேரத்துல ஒரு புத்தகத்த எடுத்துப் படிச்சா என்ன?" நியாயமான கவலைதான். அந்தப் பாட்டுக்குள் ஒரு புத்தகம் இருக்கிறது என்று அன்றைக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். அக்கா இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்.

சின்னவள் கேட் புஷ்ஷிடம் வந்து சேர்ந்த வழி உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். 2022இல் நெட்ஃபிளிக்ஸின் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் 'ரன்னிங் அப் தட் ஹில்' பாட்டைப் போட்டார்கள். 1985இல் வந்த அந்தப் பாட்டு, 37 ஆண்டுகள் கழித்து பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்த ஒரு பாட்டில் நுழைந்து பின்னோக்கிப் போனால் 1978 வந்துவிடும்.

கேட் புஷ் 'வுதரிங் ஹைட்ஸ்' எழுதியது 1977 மார்ச் மாதத்தில். அப்போது அவருக்கு வயது 18. எமிலி ப்ரான்டேயின் நாவலை அவர் முதலில் படிக்கவில்லை. பிபிசி எடுத்த தொலைக்காட்சி நாடகத்தின் கடைசிச் சில நிமிடங்களைத் தற்செயலாகப் பார்த்திருந்தார். அந்தக் காட்சி மனத்தில் தங்கிவிட்டது. பிறகு நாவலைத் தேடிப் படித்தார், ஒரு ராத்திரி பியானோ முன்னால் உட்கார்ந்து சில மணி நேரத்தில் பாட்டை முடித்தார். இன்னொரு விஷயமும் உண்டு. அவரும் எமிலியும் பிறந்தது ஒரே தேதியில், ஜூலை 30. எமிலி 1818, கேட் 1958. சின்ன வயதில் வீட்டில் அவரை 'கேத்தி' என்றுதான் கூப்பிட்டார்கள். நாவலின் நாயகி பெயரும் கேத்தி.

இந்தப் பாட்டை நான் ஒரு முறைகூட ஒலியேற்றியதில்லை. தமிழ் வானொலியில் அதற்கு இடமில்லை. பல்கலைக்கழகத்தில் மீடியா படித்தபோதுதான் முதலில் கேட்டேன். எங்கள் விரிவுரையாளர் விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டைப் போட்டார். முடிந்ததும் மூன்று கேள்விகள் கேட்டார். பேசுவது யார்? யாரிடம்? எங்கே நின்றுகொண்டு? வகுப்பில் பாதிப் பேர், "காதலி, காதலனிடம்" என்பதோடு நின்றுவிட்டோம். எங்கே நிற்கிறாள் என்று ஒருவரும் கவனிக்கவில்லை. நாவலைத் தேடிப் படித்தது அந்த வெட்கத்தில்தான்.

நாவலின் மூன்றாம் அத்தியாயம். லாக்வுட் என்ற வெளியூர்க்காரன், பனியில் மாட்டிக்கொண்டு அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்குகிறான். கனவா நிஜமா என்று தெரியாத நிலையில், ஜன்னலில் ஏதோ தட்டுகிறது. மரக்கிளையாக இருக்கும் என்று கண்ணாடியை உடைத்துக் கையை நீட்டினால், பனிக்கட்டி போல ஒரு சின்னக் கை அவன் கையைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளே விடச் சொல்லி அழுகிறது ஒரு குரல். இருபது வருடமாக வெளியில் அலைவதாகச் சொல்கிறது. பயத்தில் லாக்வுட் அந்த மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் வைத்துத் தேய்க்கிறான், ரத்தம் வழியும் வரை. கை விட்டதும், பக்கத்தில் கிடந்த புத்தகங்களை எடுத்து ஓட்டையில் அடுக்கி அடைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொள்கிறான்.

புத்தகங்களை வைத்து அடைக்கிறான். அக்கா, இதைக் கவனியுங்கள்.

எமிலியின் நாவலில் கேத்திக்கு என்ன நடந்தது என்று நமக்குச் சொல்வது பெரும்பாலும் நெல்லி டீன் என்ற வேலைக்காரப் பெண். அதைக் கேட்டு எழுதுவது லாக்வுட். கேத்தியின் பேச்சு இவர்கள் இருவரையும் தாண்டித்தான் நம்மிடம் வருகிறது. 18 வயதுப் பெண் என்ன செய்தார்? அந்த இரண்டு பேரையும் ஓரமாக நிற்க வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவளிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார். கதைச் சுருக்கம் இல்லை, நாவலின் வரிகளுக்கு மெட்டுப் போடும் வேலையும் இல்லை. இலக்கியத்தில் இருந்து எடுத்துப் பாட்டு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பலரும் அழகான ஒரு சொற்றொடரை எடுத்துச் சட்டையில் பூப் போலக் குத்திக்கொள்வார்கள். கேட் புஷ் எடுப்பது ஆளை.

பாட்டின் கடைசி ஒரு நிமிடம் போல கிட்டார்தான். இயன் பெய்ர்ன்சன் வாசித்தது. குரல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிவிடும். ஜன்னல் திறந்ததா இல்லையா என்று பாட்டு சொல்லாது. பாட்டு முடிவதற்குள் மேலே பேசத் தொடங்கிவிடுவது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம், நானும் செய்கிறேன். இந்தப் பாட்டின் முடிவில் பேசுகிற அறிவிப்பாளரைக் கண்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

முதல் சிங்கிளாக இது வந்ததே பெரிய கதை. இஎம்ஐ நிறுவனம் 'ஜேம்ஸ் அண்ட் தி கோல்டு கன்' என்ற ராக் பாட்டைத்தான் வெளியிட நினைத்தது. பாடகி விடவில்லை, இதுதான் என்று நின்றார். 1977 நவம்பரில் வர வேண்டியது தள்ளிப்போனது. ஆனால் வானொலி நிலையங்களுக்கு முன்கூட்டியே போன பிரதிகளில் ஒன்றை லண்டன் கேப்பிட்டல் ரேடியோவில் போட ஆரம்பித்துவிட்டார்கள். (எங்கள் ஆட்கள் சில சமயம் நல்லதும் செய்வார்கள்.) 1978 ஜனவரியில் சிங்கிள் வெளியானது. மார்ச்சில் முதலிடம், நான்கு வாரம். பெண் ஒருவர் தானே எழுதிப் பாடிய பாட்டு பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

'கிளவுட்பஸ்டிங்' 1985இல் வந்தது. அதற்கு மூலம் பீட்டர் ரைக் 1973இல் எழுதிய 'எ புக் ஆஃப் டிரீம்ஸ்' என்ற நினைவுக் குறிப்பு. பீட்டரின் அப்பா வில்ஹெல்ம் ரைக், மனநல ஆய்வாளர். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் பண்ணையில், நீண்ட குழாய்களை வானத்தை நோக்கித் திருப்பி மழை வரவைக்கும் இயந்திரம் ஒன்றை வைத்திருந்தார். அறிவியல் உலகம் அவரை ஏற்கவில்லை. நீதிமன்ற உத்தரவை மீறியதற்காகச் சிறைக்குப் போனார், 1957இல் அங்கேயே இறந்தார். பையனுக்கு அப்போது 13 வயது.

இந்தக் கதையை எத்தனையோ விதமாகப் பாட்டாக்கலாம். மேதையின் வீழ்ச்சி, அரசின் கொடுமை, அல்லது ஒரு ஏமாற்றுக்காரனின் முடிவு. கேட் புஷ் எதையும் தீர்ப்புச் சொல்லவில்லை. பாடுவது அந்தப் பையன். அப்பா சரியா தப்பா என்பது அவன் பிரச்சினையே இல்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பதுதான் பிரச்சினை. காணொளியில் டோனல்ட் சதர்லேண்ட் அப்பாவாக நடித்தார், பையனாகப் பாடகியே முடியை வெட்டின மாதிரி வந்து நின்றார். ஓர் இடத்தில் அப்பாவின் கோட்டுப் பையில் இருந்து பையன் ஒரு புத்தகத்தை உருவுவான். நிறுத்திப் பாருங்கள், பீட்டர் ரைக் எழுதிய அதே புத்தகம். கடன் வாங்கின இடத்தை இதைவிட நேர்மையாகக் காட்ட முடியாது. எனக்கு அவர் பாட்டுகளில் மிகவும் பிடித்தது இதுதான். அப்பா இல்லாதவர்கள் இதை ராத்திரியில் கேட்காமல் இருப்பது நல்லது. அக்காவுக்கு ஏன் என்று தெரியும்.

அடுத்தது கொஞ்சம் சிக்கலான விவகாரம். 1922இல் வந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிசிஸ்' நாவல், டப்ளின் நகரில் லியபோல்ட் ப்ளூம் என்பவரின் ஒரு நாளைச் சொல்கிறது. அவர் மனைவி மோலியைப் பற்றி ஊரே பேசும். மோலி தன் மனத்தைத் திறப்பது கடைசி அத்தியாயத்தில்தான், படுக்கையில் படுத்தபடி, நிறுத்தற்குறிகளே ஏறக்குறைய இல்லாத நீண்ட ஓட்டமாக. கேட் புஷ்ஷுக்கு அந்தப் பகுதியை அப்படியே பாட ஆசை. ஜாய்ஸின் எழுத்துரிமையை வைத்திருந்தவர்களிடம் அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள்.

அவர் மெட்டைத் தூக்கிப் போடவில்லை. சொந்தமாக வார்த்தைகள் எழுதினார். 1989இல் 'தி சென்சுவல் வேர்ல்ட்' என்று அது வந்தது. புதிய பாட்டில் மோலி புத்தகத்துக்குள் இல்லை. காகிதத்தை விட்டு இறங்கி, கையும் காலும் உள்ள உலகத்துக்கு நடந்து வந்துவிடுகிறாள். தொட்டுப் பார்க்கிறாள். அனுமதி கிடைத்திருந்தால் இந்த யோசனை அவருக்கு வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

22 ஆண்டுகள் கழித்து, 2011இல் மறுபடி கேட்டார். இந்த முறை சரி என்றார்கள். ஜாய்ஸ் இறந்தது 1941 ஜனவரியில். 70 ஆண்டுக் கணக்கின்படி அந்த 2011 கடைசியோடு பிரிட்டனில் காப்புரிமையே முடியப் போகிறது, அதற்குச் சில மாதம் முன்னால் பெரிய மனசு பண்ணினார்கள். ஜாய்ஸின் வார்த்தைகளோடு 'ஃபிளவர் ஆஃப் தி மவுண்டன்' என்ற புதுப் பெயரில் 'டைரக்டர்ஸ் கட்' இசைத்தட்டில் அது வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன், பல தடவை. ரசிகர்கள் சிலர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை. எனக்கு 1989தான். 2011இல் கேட்பது ஜாய்ஸ் எழுதிய மோலி, அருமையாகத்தான் இருக்கிறாள். 1989இல் கேட்பது ஜாய்ஸிடம் இருந்தும் தப்பித்து வந்த மோலி.

2018இல் எமிலி ப்ரான்டே பிறந்து 200 ஆண்டு, கேட் புஷ்ஷுக்கு 60. ப்ரான்டே சகோதரிகள் பிறந்த தோர்ன்டனுக்கும் அவர்கள் வளர்ந்த ஹாவர்த்துக்கும் இடையில், யார்க்‌ஷியரின் மேட்டு நிலத்தில், நான்கு இடங்களில் கவிதைகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். கரோல் ஆன் டஃபி, ஜாக்கி கே, ஜெனட் வின்டர்சன் ஆகியோர் ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். எமிலிக்கான கல்லுக்கு எழுதச் சொல்லிக் கேட்டது கேட் புஷ்ஷிடம். மரம் அதிகமில்லாத, காற்று ஓயாத இடம். பேய் அலைவதாக நாவல் சொல்வதும் அப்படிப்பட்ட ஒரு வெளியில்தான். தொலைக்காட்சியில் கதையின் கடைசிச் சில நிமிடங்களை மட்டும் பார்த்த பெண்ணின் வரிகள் இன்றைக்கு அங்கே பாறையில் இருக்கின்றன.

அன்றைக்கு மாலை, கிளம்புவதற்கு முன் மாடிக்குப் போய்ச் சின்னவளிடம் அந்த மூன்று கேள்விகளைக் கேட்டேன். யார், யாரிடம், எங்கே நின்றுகொண்டு. முதல் இரண்டையும் உடனே சொன்னாள். மூன்றாவதுக்கு, "ஜன்னலுக்கு வெளியே, சித்தி. பாட்டுலயே இருக்கே," என்றாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற மாதிரி. என் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாததை அவள் தானாகக் கேட்டே கண்டுபிடித்திருந்தாள். என்னிடம் இருந்த பழைய பிரதியை அடுத்த வாரம் கொடுத்தனுப்பினேன்.

போன வியாழக்கிழமை நிகழ்ச்சி நடுவில் அவளிடம் இருந்து வாட்ஸ்அப். "சித்தி, அந்த ஜோசப் தாத்தா என்ன பேசுறாருன்னே புரியல. இது இங்கிலீஷா?"

ஜோசப், நாவலில் வரும் கிழட்டு வேலைக்காரர். பேசுவது யார்க்‌ஷியர் கொச்சை. எனக்கும் பாதி புரிந்ததில்லை. "அவர் திட்டுறார்னு வச்சிக்கிட்டுத் தாண்டிப் போ," என்று பதில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காவிடம் இருந்து ஒரு குரல் பதிவு. "ஏய், இவ சாப்பிடக் கூப்பிட்டா வர மாட்டேங்குறா. புத்தகத்த புடுங்கவும் மனசு வரல. அது சரி, அந்தப் பேய்க்கு ஜன்னல திறந்தாங்களா இல்லையா?"