எடை மிகுந்த குழந்தையும் ஏட்டுக் கல்வியும்

கொழுகொழுவென்றிருக்கும் குழந்தையைக் கண்டு மகிழ்வது நம் மரபு. பஞ்சமும் பேதியும் அம்மையும் பிள்ளைகளைக் கொள்ளைகொண்ட நாள்களில், சதைப்பற்றுள்ள உடம்பே 'இது பிழைத்துவிடும்' என்னும் நம்பிக்கையைத் தாய்க்குத் தந்தது. அம்மகிழ்ச்சியில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அதே குழந்தை பத்து வயதை எட்டி வகுப்பறையில் அமரும்போது நம் பேச்சு மாறிவிடுகிறது. 'சோம்பேறி', 'மந்தம்', 'சாப்பாட்டு ராமன்' என்று பட்டம் சூட்டுகிறோம். வீட்டில் ஊட்டி மகிழ்ந்த சமுதாயமே பள்ளியில் எள்ளி நகையாடுகிறது. உடற்பருமனுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அறிவியல் இன்று கூறும் செய்திகளை அறிந்தால், இவ்வழக்கம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

குழந்தைப் பருவ உடற்பருமன் உலகெங்கும் பெருகி வருவது கண்கூடு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் உடற்பருமன் உடையோர் 1990இல் நூற்றுக்கு இருவர். 2022இல் நூற்றுக்கு எண்மர். அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர். நம் நாட்டின் தேசியக் குடும்பநல ஆய்வோ, ஐந்து வயதுக்குட்பட்டோரில் எடை மிகுந்த குழந்தைகள் 2015–16இல் 2.1 விழுக்காடாக இருந்து, 2019–21இல் 3.4 விழுக்காடாக உயர்ந்ததைக் காட்டுகிறது. ஊட்டக்குறைவு இன்னும் தீராத நாட்டில் மிகையூட்டமும் தலைதூக்குகிறது. எண்ணிக்கை சிறிதாயினும் போக்கு கவலைக்குரியது.

மிகை எடை இதயத்தையும் மூட்டுகளையும் தாக்கும், சிறு வயதிலேயே நீரிழிவைக் கொணரும் என்பதைப் பலரும் அறிவர். மூளைக்கும் அதற்கும் உள்ள உறவு அண்மைக் காலத்தில்தான் விரிவாக ஆராயப்பட்டு வருகிறது. அமெரிக்க நாட்டில் 21 ஆய்வு மையங்களில் ஏறத்தாழ 12,000 சிறுவர் சிறுமியரை ஒன்பது, பத்து வயதில் சேர்த்துக்கொண்டு, அவர்தம் மூளை வளர்ச்சியை ஆண்டுதோறும் பின்தொடரும் 'ஏ.பி.சி.டி.' எனும் பேராய்வு நடந்து வருகிறது. அவர்களுள் 3,190 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை ஆராய்ந்து, வெர்மாண்ட் பல்கலைக்கழக அறிஞர்கள் 2019ஆம் ஆண்டின் இறுதியில் தம் முடிவுகளை வெளியிட்டனர். உயரத்துக்கு மிஞ்சிய எடையுடைய குழந்தைகளிடம் பெருமூளையின் மேலுறையாகிய புறணி, சராசரியாகச் சற்று மெலிந்து காணப்பட்டது. நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் பகுதியில் இம்மெலிவு சிறப்பாகத் தென்பட்டது. திட்டமிடல், ஆசையை அடக்கல், கேட்டதை மனத்தில் நிறுத்திக் கணக்கிடல் ஆகிய ஆற்றல்களுக்கு நிலைக்களன் அப்பகுதியே. செய்திகளைத் தற்காலிகமாக நினைவில் இருத்திப் பயன்படுத்தும் தேர்விலும் இக்குழந்தைகள் சராசரியாகச் சிறிது பின்தங்கினர்.

இதைப் படித்தவுடன், 'பருத்த பிள்ளைக்கு மூளை குறைவு என்று நாம் சொன்னது சரிதானே!' என்று எவரேனும் மகிழ்வாராயின், அவர் ஆய்வைப் புரிந்துகொள்ளவில்லை என்றே பொருள். இவை ஆயிரக்கணக்கானோரின் சராசரிகள். ஒரு குழந்தையின் எடையைக் கொண்டு அதன் அறிவை அளத்தல் இயலாது. வகுப்பில் முதலிடம் பெறும் பருத்த பிள்ளையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மேலும், இரண்டு ஒருங்கே காணப்படுவதனால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று ஆகிவிடாது. எடை மூளையைப் பாதித்ததா, மூளையின் அமைப்பு எடையைக் கூட்டியதா, வறுமையும் உறக்கக் குறைவும் இரண்டையும் விளைவித்தனவா என்பது தனித்தனியே ஆராயத்தக்கது. அதே பேராய்வின் படங்களைக் கொண்டு யேல் பல்கலைக்கழக அறிஞர்கள் 2020இல் வெளியிட்ட முடிவு ஈண்டு கருதத்தக்கது. சுவையான உணவின்பால் விருப்பத்தைத் தூண்டும் ஆழ்மூளைப் பகுதி ஒன்றில் உயிரணுக்களின் அடர்த்தி மிகுந்திருந்த குழந்தைகளுக்கு, அடுத்த ஓராண்டில் இடுப்புச் சுற்றளவு கூடுதலாக வளர்ந்தது. அதாவது, மூளை சில வேளைகளில் முந்திச் செல்கிறது. எடை பிந்தி வருகிறது.

பசி என்பதே மூளையின் வேலை என்பதற்கு இன்னுமொரு சான்றும் உண்டு. உடற்கொழுப்பிலிருந்து சுரந்து, 'போதும்' என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் இயக்குநீரின் மரபணுவை ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் 1994இல் கண்டறிந்தனர். அச்சுரப்பு பிறவியிலேயே இல்லாத இரு குழந்தைகளைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் 1997இல் அடையாளங்கண்டனர். அவர்களுள் ஒரு சிறுமி ஒன்பது வயதில் 90 கிலோவுக்கு மேல் எடையிருந்தாள். எவ்வளவு உண்டும் பசி அடங்கவில்லை. லெப்டின் ஊசி செலுத்தப்பட்ட ஓராண்டில் 16 கிலோ எடை குறைந்ததென 1999இல் அறிவித்தனர். இக்குறைபாடு மிக அரியது. பருத்த குழந்தைகள் அனைவருக்கும் இதுவே காரணமன்று. எனினும், பல்லாண்டுகளாகத் 'தீனிப் பேராசை' என்று இகழப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, மூளைக்குச் செய்தி சேராத குறையே என்பதை இது ஐயமற நிறுவியது.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? இங்கேதான் அமெரிக்காவின் அகஸ்டா நகரில் நடந்த வேறோர் ஆய்வு நம் பள்ளிகளுக்கு நேரடியாகப் பாடம் கூறுகிறது. உடலுழைப்பற்ற, எடை மிகுந்த 171 குழந்தைகள், ஏழு முதல் பதினொரு வயதினர், அதில் பங்கேற்றனர். அவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை நாள்தோறும் பள்ளி முடிந்தபின் 20 நிமிடமும், மற்றொரு பிரிவினரை 40 நிமிடமும் ஓடியாடி விளையாடச் செய்தனர். மூன்றாம் பிரிவினர் வழக்கம்போல் இருந்தனர். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின், விளையாடியோரின் திட்டமிடும் ஆற்றல் உயர்ந்தது. கணிதத் தேர்ச்சியும் வளர்ந்தது. மிகுதியாக விளையாடியோர் மிகுந்த பயன் பெற்றனர். முன்மூளையின் இயக்கம் கூடியதையும் படங்கள் காட்டின. 2011இல் வெளியான இவ்வாய்வில் எவருக்கும் கூடுதல் கணித வகுப்பு நடத்தப்படவில்லை என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

நம் பள்ளிகளிலோ நடப்பது இதற்கு நேர்மாறு. தேர்வு நெருங்கினால் முதலில் பலியாவது விளையாட்டுப் பாடவேளையே. கணித ஆசிரியர் அதைக் கேட்டுப் பெறுகிறார்; தலைமையாசிரியர் இசைகிறார்; பெற்றோர் பாராட்டுகின்றனர். மதிப்பெண்ணுக்காக மைதானத்தைப் பூட்டும் நாம், மதிப்பெண்ணுக்குரிய மூளையையே பட்டினி போடுகிறோம். 5 முதல் 17 வயதினர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். பள்ளி, தனிப்பயிற்சி, கைப்பேசி என்று மாலை முழுதும் அமர்ந்தே கழிக்கும் பிள்ளைக்கு அந்த 60 நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்? வகுப்பில் பருத்திருக்கும் பிள்ளையை ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தி நகைப்பதும் கல்வியாகாது. அவன் மைதானத்தையே வெறுத்து ஒதுங்குவான், இழப்பு இரட்டிப்பாகும்.

உணவிலும் இவ்வாறே. 'மருந்து' என்னும் அதிகாரத்தில் உணவின் அளவையே வள்ளுவர் பெரிதும் வலியுறுத்தினார். ஆனால் அளவறிந்து உண்ணும் பொறுப்பை, வாயிலின் இருபுறமும் சர்க்கரைப் பானமும் பொரித்த பொட்டலங்களும் தொங்கும் பள்ளியிலிருந்து வெளிவரும் எட்டு வயதுக் குழந்தையின் தலையில் மட்டும் சுமத்துதல் அறமாகாது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்துள்ளது. விதி ஏட்டில் உள்ளது. அதை வாயிலுக்குக் கொண்டுவருதல் நிருவாகத்தினரின் கடமை.

ஆகவே, பள்ளிகளை நடத்தும் சமுதாயப் பெரியோர்களை நாம் வேண்டுவது இதுவே: வகுப்பறைக் கட்டடம் எழுப்பும் ஆர்வத்தில் விளையாட்டுத் திடலைக் குறுக்கிவிடாதீர்கள். ஆசிரியப் பெருமக்களே, விளையாட்டு வேளையைக் கடன் கேட்காதீர்கள். பட்டப்பெயர் ஒன்றும் உங்கள் வாயிலிருந்து வாராதிருக்கட்டும். நாளை ஆசிரியராகவும் பெற்றோராகவும் விளங்கப்போகும் மாணவச் செல்வங்களே, பருத்த நண்பனை உங்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். வளரும் மூளை வளைந்து கொடுக்கும் இயல்பினது. ஆராய்ச்சி நமக்குத் தரும் நம்பிக்கை அதுவே. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் முன்னோர். சுவரைப் பழித்துக்கொண்டே சித்திரம் எழுத முனைவதை நாம் இனியேனும் கைவிடுவோமாக.