டைரக்டர் மாறினால் மாயாஜாலம் குறையுமா? - 'ஹாரி பாட்டர்' ரசிகர்களின் 20 வருடப் பட்டிமன்றம்

'ஹாரி பாட்டர்' ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். "மூணாவது படத்துல டைரக்டரை மாத்தினது சரியா, தப்பா?" 2004-ல் சூடுபிடித்த பட்டிமன்றம் இது. இன்னும் தீர்ப்பு வரவில்லை. இப்போது அதே கதையை ஹெச்.பி.ஓ. நிறுவனம் தொடராக எடுப்பதால், பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்திருக்கிறது.

முதல் இரண்டு படங்களை இயக்கியவர் கிறிஸ் கொலம்பஸ். 'ஹோம் அலோன்' எடுத்தவர். நம்ம 'அவ்வை சண்முகி'க்குத் தூண்டுதலாக இருந்த 'மிஸஸ் டவுட்ஃபயர்' படமும் இவருடையதுதான். குழந்தைகளை நடிக்க வைப்பதில் கைதேர்ந்தவர். 2001, 2002 என அடுத்தடுத்த வருடங்களில் இரண்டு படங்களையும் கொடுத்தார். புத்தகத்தில் படித்த ஹாக்வார்ட்ஸ் பள்ளியைக் கிட்டத்தட்ட அப்படியே கண்முன் நிறுத்தியதால், வாசகர்களுக்கு அவர் மேல் ஒரு தனிப் பாசம்.

அவரைத் தூக்கிவிட்டார்கள் என்று இன்றும் சிலர் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. ஓய்வில்லாமல் இரண்டு பெரிய படங்களை முடித்த களைப்பு ஒரு பக்கம், தன் பிள்ளைகளோடு இருக்க நேரமில்லையே என்ற ஏக்கம் இன்னொரு பக்கம். அவராகவே இயக்குநர் நாற்காலியில் இருந்து இறங்கினார். மூன்றாவது படத்தில் தயாரிப்பாளராகத் தொடர்ந்தார்.

அந்த நாற்காலிக்கு வந்தவர் மெக்ஸிகோவைச் சேர்ந்த அல்ஃபோன்ஸோ குவரோன். 1995-ல் 'எ லிட்டில் பிரின்சஸ்' என்ற அழகான குழந்தைகள் படத்தை எடுத்தவர்தான். ஆனால், அவருடைய அப்போதைய லேட்டஸ்ட் படம் பெரியவர்கள் மட்டும் பார்க்கக்கூடியது. 'இவர் கையிலா நம்ம ஹாரி?' என்று ரசிகர்கள் பதறியதில் ஆச்சர்யமில்லை. போதாக்குறைக்கு, வாய்ப்பு வந்தபோது குவரோன் அந்தப் புத்தகங்களைப் படித்திருக்கவே இல்லை. நண்பரும் இயக்குநருமான கில்லெர்மோ டெல் டோரோதான் அவரைத் திட்டி, 'முதலில் போய் புத்தகத்தைப் படி' என்று விரட்டினாராம். இதைச் சொன்னதே குவரோன்தான்.

ஹோம்வொர்க் கொடுத்த இயக்குநர்

குவரோன் தன் மூன்று நாயக நாயகிகளுக்கும் ஒரு வேலை கொடுத்தார். 'உங்கள் கேரக்டரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வாருங்கள்.' எம்மா வாட்சன் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். டேனியல் ராட்கிளிஃப் ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். ரூபர்ட் கிரின்ட் எழுதவே இல்லை. ஹெர்மைனி, ஹாரி, ரான் மூவரும் இதைத்தானே செய்திருப்பார்கள்!

படத்திலும் மாற்றம் பளிச்சென்று தெரிந்தது. பிள்ளைகள் அங்கியைக் கழற்றிவிட்டு ஜீன்ஸ் போட்டார்கள். ஹாக்ரிட்டின் குடிசை மலைச் சரிவுக்கு இடம் மாறியது. வண்ணங்கள் மங்கின, சந்தோஷத்தை உறிஞ்சும் டிமென்டர்கள் வந்தபோது தியேட்டரே சில்லிட்டது. 13 வயதைத் தொடும் ஹாரியின் கோபமும் தனிமையும் திரையில் தெரிந்தன.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் ஒதுக்க முடியாது. முதல் படம் 152 நிமிடம், இரண்டாவது 161 நிமிடம். அவற்றைவிடப் பெரிய புத்தகத்துக்கு இவர் எடுத்துக்கொண்டது 142 நிமிடம். அதனால் விழுந்த ஓட்டை பெரியது. அந்த மாய வரைபடத்தை உருவாக்கிய நால்வர் யார், அதில் ஒருவர் ஹாரியின் அப்பா என்பதைப் படம் சொல்லவே இல்லை. அப்பாவைப் பார்த்தே அறியாத பையனுக்கு, அப்பா கை பட்ட ஒரு பொருள் கிடைக்கிறது. புத்தகம் படித்தவருக்கு நெஞ்சை அடைக்கும் விஷயம், படம் மட்டும் பார்த்தவருக்கு வெறும் மேப்! இந்த வருத்தம் நியாயமானது.

எட்டுப் படங்களில் வசூலில் கடைசி இடமும் இந்தப் படத்துக்குத்தான். அப்படியும் சுமார் 80 கோடி டாலர்! ஆனால், பல விமர்சகர்களின் பட்டியலில் முதலிடமும் இதற்குத்தான்.

இன்னொரு நாற்காலிக் கதை

குவரோனைத் திட்டிய அதே டெல் டோரோவின் கதையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'தி ஹாபிட்' நாவலைப் படமாக்க அவர் சுமார் இரண்டு வருடம் உழைத்தார். ஷூட்டிங் தள்ளிக்கொண்டே போனதால் 2010 மே மாதம் விலகினார். அந்த இடத்துக்கு 'தி லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' புகழ் பீட்டர் ஜாக்சன் வந்தார். ரசிகர்கள் கொண்டாடினார்கள். அந்த உலகத்தை அவரைவிட அறிந்தவர் யார்? ஆனாலும் பழைய மேஜிக் கைகூடவில்லை என்பதே பலரின் கருத்து. தயாராகப் போதிய அவகாசம் இல்லாமலே ஷூட்டிங்கில் இறங்க வேண்டியிருந்ததை ஜாக்சனே பிறகு வெளிப்படையாகச் சொன்னார்.

புதியவர் வந்த படம் நிமிர்ந்தது. ரசிகர்கள் விரும்பியவரே வந்த படம் தடுமாறியது. வித்தியாசம் எங்கே? 'ஹாரி பாட்டர்' இரண்டாம் படத்துக்கும் மூன்றாம் படத்துக்கும் இடையே சுமார் ஒன்றரை வருடம் கிடைத்தது. கொலம்பஸ் தேர்ந்தெடுத்த நடிகர்கள், அவர் காலத்தில் எழுந்த செட், ஜான் வில்லியம்ஸின் இசை எல்லாம் தயாராக இருந்தன. கட்டிய வீட்டில் குடியேறி, ஜன்னலை மட்டும் வேறு பக்கம் திறந்தார் குவரோன். ஜாக்சனுக்கோ, வேறொருவர் போட்ட பிளானை மாற்றி வரையக்கூட நேரமில்லை.

ஆக, 'யார் டைரக்டர்?' என்று சண்டை போடுகிறவர்கள், 'அவருக்கு எத்தனை மாதம் கொடுத்திருக்கிறார்கள்?' என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

புதிய தொடரில் மணிக்கணக்கில் கதை சொல்ல இடம் இருக்கிறது. அந்த மேப்பில் அப்பாவின் பெயரை இந்த முறையாவது ஹாரி தெரிந்துகொள்வானா? 20 வருடமாக அதற்காகத்தான் பலர் காத்திருக்கிறார்கள்.

நீங்க கொலம்பஸ் கட்சியா, குவரோன் கட்சியா?