படிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்குடே வேலை?

மேலே இருக்கிற கேள்வியை எங்க ஊர்ப்பக்கம் அடிக்கடி கேட்கலாம். கேட்கிற அண்ணாச்சிமார் வீட்ல பெரும்பாலும் பீஸ் கட்ட ஆள் இருக்கும். இல்லாத வீட்டுப் பிள்ளைகளைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

தோவாளை தெரியாதவங்களுக்கு: நாகர்கோவில்ல இருந்து திருநெல்வேலி போற ரோட்ல, ஆரல்வாய்மொழிக்கு முன்னாடி வர்ற ஊர். பூச்சந்தைன்னு சொன்னா சட்டுனு புரியும். பிச்சி, மல்லி, கேந்தி, அரளின்னு குவிஞ்சு கிடக்கும். ஊர் முழிக்கும் முன்னாடியே ஏவாரம் சூடு பிடிச்சிரும், கேரளாவுக்கு லோடு ஏறிரும். 2025-ல தோவாளை மாணிக்க மாலைக்கு புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. பெருமைதான், மக்கா.

ஆனா அந்தப் பூவைக் கட்டுற கைகள்ல காலேஜ் போற கைகளும் உண்டு. சாயங்காலம் வந்ததும் சரம் கட்ட உக்காந்திரும். சில பையன்மார் ராத்திரி மண்டபத்துல பரிமாறப் போவான். ஆக, படிக்கிற பிள்ளை வேலை பாக்கலாமாங்கிற கேள்வியே தப்பு. அதுக ஏற்கனவே பாக்குதுக. எந்த வேலை, எந்த நேரத்துலங்கிறதுதான் கேள்வி.

பூவுக்கு காலேஜ் டைம்டேபிள் தெரியாது. கார்த்திகை பொறந்தா சபரிமலை சீசன், பூவுக்கு கிராக்கி. செமஸ்டர் பரீட்சையும் அதை ஒட்டித்தான் வரும். ரெண்டும் மோதினா தோக்கிறது பரீட்சைதான்.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல மாட்டேன். 2022-ல புதுமைப் பெண், 2024-ல தமிழ்ப் புதல்வன், மாசம் 1000 ரூபாய். நல்ல திட்டங்கள். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். ஹாஸ்டல் பீஸுக்கு? வீட்ல அப்பா படுத்துட்டா?

அமெரிக்காவுல 1964-லயே இதுக்குச் சட்டம் போட்டாங்க. வசதி இல்லாத மாணவனுக்கு காலேஜே பகுதிநேர வேலை குடுக்கும், கூலியில பொதுவா 75 சதவீதம் வரை மத்திய அரசு தரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம்னா மகாராஷ்டிரா இருக்கு. 1919-ல ரயத் சிக்‌ஷண் சன்ஸ்தா தொடங்கின பாவுராவ் பாட்டீல், உழைச்சுப் படிக்கிறதை ஒரு கொள்கையாவே வச்சிருந்தார். புனே பல்கலைக்கழகத்துல 'சம்பாதிச்சுக்கிட்டே படி' திட்டம் அவர் பேர்லதான் நடக்குது.

நம்ம காலேஜ்கள்லயும் வேலைக்கா பஞ்சம்? லைப்ரரி, லேப், ஆபீஸ் கம்ப்யூட்டர், முதல் வருசப் பிள்ளைகளுக்கு கணக்குச் சொல்லிக் குடுக்கிறது... ஆனா கறாரா நாலு விஷயம் வேணும்:

1. நாளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கூடாது. பரீட்சை சமயம் லீவு.
2. மணிக்கணக்குல கூலி, மாசம் முடிஞ்சதும் பேங்க்ல. 'பீஸ்ல கழிச்சுக்கலாம்'ங்கிற கதை வேண்டாம்.
3. புரபசர் வீட்டுக்கு பால் வாங்கப் போறதெல்லாம் வேலையில சேராது :-)
4. ஏற்கனவே சம்பளத்துக்கு இருக்கிற ஆளை நிறுத்திட்டு, அந்த இடத்துல பிள்ளைகளைப் போடக் கூடாது. ஒரு ஏழை வயித்துல அடிச்சு இன்னொரு ஏழையைப் படிக்க வைக்கிறது தர்மம் இல்ல.

நோட்டீஸ் போர்டுல 'ஏழை மாணவர் பட்டியல்'னு பேரை ஒட்டுற புத்தியும் வேண்டாம். தேவையைப் பாத்து குடுங்க, தண்டோரா போடாதீங்க.

"காசுக்கு எங்க போக?"ன்னு காலேஜ் கேட்கும். நியாயமான கேள்வி. அரசு முக்கால் பங்கு தரலாம், மீதிக்கு பழைய மாணவர் சங்கம் இருக்கு. வருசா வருசம் பிரியாணி போட்டு குரூப் போட்டோ எடுக்கிறதுல கொஞ்சம் மிச்சம் பிடிச்சாலே நாலு பிள்ளை தேறும்.

பூக்கட்டுறதைக் குறைச்சுச் சொல்லல. அது எங்க ஊர்ச் சோறு. ஆனா ராத்திரி முழிச்சுக் கட்டிட்டு காலையில கிளாஸ்ல தூங்கி விழுற பிள்ளையை 'சோம்பேறி'ன்னு திட்டிட்டுப் போறது ரொம்ப சுலபம். அதே பிள்ளைக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் லைப்ரரியில வேலை குடுத்தா, ராத்திரி ஒழுங்கா தூங்கும்.

உங்க காலேஜ்ல இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க மக்கா. நல்லபடியா நடந்ததுன்னா கண்டிப்பா எழுதுங்க, எடுத்துக் காட்ட ஆகும்.