பைபர் வேலையும் நம்ம தோட்டத்துப் பசங்களும்

பெல்மதுளைப் பக்கம் ரோட்டோரக் கராஜ் ஒன்றில் போன மாதம் ஒரு மொரிஸ் மைனர் நின்றது. இரும்பு மட்கார்ட் துருப்பிடித்துப் போனதால், யாரோ எப்போதோ பைபர் மட்கார்ட் மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. "மூணு தரம் பட்டி வச்சு பெயின்ட் அடிச்சாச்சு தம்பி, திரும்பவும் அதே இடத்துலதான் வெடிக்குது" என்றார் கார்க்காரர். வேலையில் இருந்தவன் நமக்குத் தெரிந்த தோட்டத்துப் பையன். "மேல பூசினா நிக்காது ஐயா, உள்ளுக்கு இருந்து கட்டணும்" என்றான். மூக்கைச் சுற்றி ஒரு கைலேஞ்சி கட்டியிருந்தான். அவனுக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான்.

அந்தக் கைலேஞ்சியைப் பற்றித்தான் நாங்கள் பேச வருகிறோம்.

"பழைய கார் காசுக்காரங்க விளையாட்டு, அதுல நமக்கென்ன?" என்று கேட்கலாம். கார் அவர்களுடையதுதான், கை நம்முடையது. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் இருந்த வண்டிகளைத் தட்டி, ஒட்டி, பூசித்தான் நாடு ஓடியது. மொரிஸ் மைனர் வெளிவருவது 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. அது இன்னும் ரோட்டில் ஓடுகிறதென்றால் கராஜ் கைகளால்தான். இங்கிலாந்தில் பாத் நகரத்து மொரிஸ் மைனர் சென்டரின் சார்ல்ஸ் வேர், அந்தக் காருக்கான தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்வித்து அங்கே எடுத்தார். நம் நாட்டுக் கைவேலைக்கு வெளியில் அப்படியொரு மதிப்பு இருந்திருக்கிறது.

பைபர் வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். பைபர் என்பது கண்ணாடி நூல் மேட்டும் ரெசினும் சேர்ந்து இறுகினது. பலம் மேட்டில் இருக்கிறது. பட்டிக்கு அந்தப் பலம் கிடையாது, அதனால்தான் மேலே பூசினது மட்டும் திரும்ப வெடிக்கிறது. பழைய பெயின்ட்டை நெருப்பால் எடுக்கக் கூடாது. இரும்புக்குப் போடுகிற ரிமூவர் ரெசினையும் இளக்கிவிடும், ஆகவே தேய்த்துத்தான் எடுக்கணும். வெடிப்பின் இரண்டு கரையையும் சரிவாக அராவி, உட்பக்கம் ரெசினில் ஊறின மேட்டை அடுக்கடுக்காக வைத்து, காற்றுக்குமிழி நிற்காமல் ரோலரால் அழுத்தணும். இறுகின பிறகுதான் பட்டி, பிரைமர், பெயின்ட். போல்ட்டை வலிந்து இழுத்துக் கட்டினதால் வெடித்திருந்தால் அதையும் சரிபார்க்கணும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்லாக் கட்டினாலும் திரும்ப வெடிக்கும்.

இதில் இரத்தினபுரி மழை வேறு. தேய்த்த இடத்தில் ஈரம் நின்றால் ரெசின் சரியாக ஒட்டாது, பிறகு பெயின்ட் கொப்புளிக்கும். எந்த நாளில் ரெசின் கலக்கணும், எந்த நாளில் சும்மா இருக்கணும் என்று வானத்தைப் பார்த்தே சொல்கிறான் அந்தப் பையன். இது படிப்பு இல்லையென்றால் வேறு எது படிப்பு?

ஆனால் அவன் பெயர் இன்னும் 'ஹெல்பர்'. அராவுகிற தூசி கண்ணாடித் தூசி. ரெசினில் மணக்கிற ஸ்டைரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வரிசையில் 2018-இல் உயர்த்தி வைத்தது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை. கைலேஞ்சி அந்த ஆவியைத் தடுக்காது. சாதாரணத் தூசி மாஸ்க்கும் தடுக்காது, ஆவிக்கென்று இருக்கிற கார்ட்ரிஜ் மாஸ்க் வேணும். ஹார்ட்னரையும் கோபால்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். அந்த எச்சரிக்கை டின்னில் இங்கிலீஷில் இருக்கிறது, அவன் படித்ததோ தமிழில்.

வேலை செய்தே கற்றவர்களைச் சோதித்து என்.வி.கியூ சான்றிதழ் கொடுக்கும் வழி நம் நாட்டில் இருக்கிறது. அந்தப் பையனோடு நாங்கள் ஓர் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தோம். பாரம் சிங்களத்தில் மட்டும் இருந்தது, தமிழில் விளக்க ஆள் இல்லை. "பிறகு வாங்க" என்றார்கள். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவன் எத்தனை தரம் பிறகு வருவான்?

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பாரமும் சோதனையும் தமிழிலும் இருக்கட்டும். காருக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கிற ஐயாமார், அடுத்த தரம் கராஜுக்குப் போகும்போது "பெயின்ட் என்ன விலை?" என்று கேட்பதோடு "பையனுக்கு மாஸ்க் இருக்கா?" என்றும் கேட்கட்டும். கராஜுக்குப் போகிற தம்பிமாரே, பாஸ் மாஸ்க் தராவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். மட்கார்ட் போனால் இன்னொன்று வாங்கலாம், நெஞ்சு போனால் வாங்க முடியாது.