‘பாடலாமா?’ என்பது வினா அன்று

குழந்தைகளுக்கான பொம்மை நிகழ்ச்சியைப் போலச் செய்து, அதைக் கொடுங்கனவாக மாற்றிக் காட்டும் இணையத் தொடர்களைப் பற்றிக் கல்விப்புலத்தில் ஒரு வாதம் வழங்கிவருகிறது. குழந்தைமையின் உலகம் தூயது. அதற்குள் குருதியையும் அழுகலையும் கொண்டுவந்து கொட்டுவது பண்பாட்டுச் சீரழிவு. ஆகவே இத்தகைய தொடர்களைத் தடுக்க வேண்டும் என்பது அவ்வாதம். அதன் பின்னுள்ள அக்கறை உண்மையானது. அது சுட்டும் குற்றவாளிதான் தவறானவர்.

இவ்வகையின் தலையாய சான்று ‘டோன்ட் ஹக் மீ ஐ ஆம் ஸ்கேர்ட்’. பெக்கி ஸ்லோன், ஜோ பெல்லிங் என்னும் இரு பிரித்தானியக் கலைஞர்கள் 2011இல் முதற்பகுதியை யூடியூபில் வெளியிட்டனர். ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழி அளித்த நன்கொடையும் சேர, 2016க்குள் ஆறு குறும்பகுதிகள் வெளிவந்தன. 2022இல் சேனல் 4 அதை ஆறு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடராக ஒளிபரப்பியது. வடிவம் எளியது. சிவப்பு, மஞ்சள் நிறத்து உருவங்கள் இரண்டும் ஒரு வாத்தும் ஒரு வீட்டில் இருக்கின்றன. வீட்டுப் பொருள் ஒன்று உயிர்பெற்றுப் பாடத் தொடங்குகிறது. குறிப்பேடு படைப்பாற்றலைப் பற்றிப் பாடுகிறது. கடிகாரம் காலத்தைப் பற்றி. கணினி தன்னைப் பற்றி. பாடல் இனிமையாகத் தொடங்குகிறது. முடியும்போது யாரோ ஒருவர் உருக்குலைந்திருப்பார்.

இத்தொடரைக் கண்டிப்போர் சுட்டிக்காட்டுவது அந்த முடிவுகளைத்தான்: உறுப்புகளால் செய்த கேக், அழுகும் உடல், வெடிக்கும் தலை. ஆனால் அச்சம் அங்கே பிறக்கவில்லை. முதற்பகுதியை மீண்டும் பார்த்தால் இது விளங்கும். தன் தலைமுடியால் தன்னை வெளிப்படுத்துவதாகச் சிவப்பு உருவம் கூறுகிறது. குறிப்பேடு அதைச் சலிப்பூட்டுவது என்று ஒதுக்குகிறது. உங்களுக்குப் பிடித்த நிறத்தை இலைகளாலும் குச்சிகளாலும் எழுதுங்கள் என்கிறது. மஞ்சள் உருவம் பச்சை என்று எழுதியதும், பச்சை படைப்பாற்றலுக்கு உரிய நிறமன்று எனத் தீர்ப்பளிக்கிறது. அது வரைந்த கோமாளிப் படத்தின்மீது கரிய மை கொட்டப்படுகிறது. இவ்வளவும் ஒரு துளிக் குருதி சிந்துவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இரண்டாம் பகுதியில், காலம் என்பதே மனிதப் புலனுணர்வின் கற்பனையாக இருக்கலாமே என்று மூவருள் ஒருவர் ஐயம் எழுப்புகிறார். கடிகாரம் அதை மறுத்து ஒரு சொல்லும் கூறுவதில்லை. காது கிழியக் கத்துகிறது. பிறகு பாட்டைத் தொடர்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது: வருத்தும் தெய்வமும் பேயும் அடங்கிய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தன்னை ஆளும் இறை. பேய்ப்படங்கள் முதல் மூன்றோடு நின்றுவிடுகின்றன. இத்தொடர் நான்காவதைப் பற்றியது. இங்கே அணங்கும் இல்லை, விலங்கும் இல்லை, கள்வரும் இல்லை. கற்பிக்க வந்த ஒருவர் இருக்கிறார்; அவரை வெளியேற்ற வழியில்லை. அதே இயல், நகைக்குரிய நிலைக்களன்களுள் ஒன்றாக இளமையைக் குறிப்பிடுகிறது. இளமையைக் கண்டு எழும் நகையும், இறையைக் கண்டு எழும் அச்சமும் ஒரே காட்சியில் மோதும்போது உண்டாவதை ‘மீமெய்யியல்’ என்ற ஒற்றைக் கலைச்சொல்லால் மூடிவிட்டு, மேலைக் கோட்பாட்டாளர் பெயர்களை அடுக்குவது ஆய்வுக் கட்டுரைகளில் வழக்கமாகிவிட்டது. கையில் இருக்கும் கருவியைப் பயன்படுத்தாமல் அயலில் கடன் கேட்கும் பழக்கம் அது.

இனி, கற்பிக்க வந்தவரின் மொழியைப் பார்க்க வேண்டும். உண்மையான சிக்கல் அங்கேதான் உள்ளது.

தமிழில் ‘நாம்’ கேட்பவரை உளப்படுத்துகிறது, ‘நாங்கள்’ விலக்குகிறது. ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல் இரண்டுக்கும் இடமளித்து நழுவிக்கொள்ளும். தமிழில் நழுவ முடியாது. குழந்தை நிகழ்ச்சியைத் தமிழாக்குபவர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். அவர் எப்போதும் ‘நாம்’ என்பதையே தேர்கிறார். பாடலாமா, எண்ணலாமா, போகலாமா என்று அது ஒலிக்கிறது. நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது என்பதும், அவற்றுள் ஏவல் வினா ஒன்று என்பதும் பள்ளியில் தமிழ் படித்த எவருக்கும் தெரியும். ‘பாடலாமா?’ அவ்வகையைச் சேர்ந்தது. வடிவத்தில் வினா, உள்ளடக்கத்தில் கட்டளை.

ஏவல் வினா வீட்டிலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ‘சாப்பிடலாமா?’ என்று தாய் கேட்பதும் ஏவலே. வேறுபாடு விடையில் இருக்கிறது. அதே நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. தாயின் வினாவுக்குக் குழந்தை இந்த எட்டில் எதையும் கூறலாம். ‘மாட்டேன்’ என்பது மறை. ‘நீயே சாப்பிடு’ என்பது ஏவல். ‘ஏன் சாப்பிட வேண்டும்?’ என்பது எதிர்வினா. ‘வயிறு வலித்தது’ என்பது உற்றது உரைத்தல். தாய் சினம் கொள்ளலாம். ஆயினும் அடுத்து அவள் கூறும் சொல், குழந்தை கூறியதைப் பொறுத்தே அமையும். உரையாடல் என்பது அதுதான்.

சுட்டி டிவியில் ‘டோராவின் பயணங்கள்’ பார்த்து வளர்ந்த தலைமுறை இன்று ஆய்வு மாணவர்களாக இருக்கிறது. டோரா வினவுவாள், திரையிலிருந்து நேராக நோக்குவாள், சில நொடிகள் காத்திருப்பாள், பிறகு, சரியாகச் சொன்னாய் என்பதுபோல் மகிழ்ந்து மேலே செல்வாள். அந்த இடைவெளியில் குழந்தை என்ன கூறினாலும், ஒன்றுமே கூறாவிட்டாலும், அறையை விட்டே போயிருந்தாலும், அவள் மகிழ்வு மாறாது. எட்டு விடைகளுள் நேர் விடை ஒன்றுக்கே அங்கே இடம் உண்டு. மற்ற ஏழும் கேட்கப்பட்டதாக நடிக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன. ‘டோன்ட் ஹக் மீ’ தொடர் இந்த வடிவத்தில் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று: திரைக்கு வெளியே இருந்த குழந்தையைத் திரைக்குள் கொண்டுவந்து நிறுத்தி, மறை விடையும் எதிர்வினாவும் கூற வைத்தது. அப்போது ஆசிரியர் என்ன செய்வார் என்று காட்டியது. பகடி புதிய கொடுமை எதையும் படைக்கவில்லை. இருந்த இலக்கணத்தை அதன் எல்லைவரை இழுத்துச் சென்றது.

இது வெறும் இலக்கிய வாசிப்பு என்று ஒதுக்குவோருக்கு மொழிபெறு ஆய்வுகள் விடை கூறும். பாட்ரிசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் குழந்தைகள் சிலருக்கு ஒன்பதாம் மாதத்தில் மாண்டரின் சீனம் கேட்கவைக்கப்பட்டது. நேரில் பேசியவரிடமிருந்து கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைக் காணொளியில் கண்ட குழந்தைகள் கற்கவில்லை. திரையே பகை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ரோஸ்பெரி, ஹர்ஷ்-பாசெக், கோலின்காஃப் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, இரண்டு வயதையொட்டிய குழந்தைகள் ஸ்கைப் உரையாடல் வழியாகப் புதிய வினைச்சொற்களைக் கற்றன என்றும், முன்பதிவு செய்த காணொளியிலிருந்து கற்கவில்லை என்றும் காட்டியது. இரண்டிலும் இருந்தது திரைதான். ஒன்றில் மறுமுனையில் இருந்தவர் குழந்தைக்கு ஏற்ப மறுமொழி தந்தார், மற்றொன்றில் தரவில்லை.

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாக ஏற்க வேண்டும். 1969இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ பள்ளி செல்லும் முன் குழந்தைகளை ஆயத்தப்படுத்த உதவியதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. சற்று வளர்ந்த குழந்தை எழுத்தையும் எண்ணையும் திரையிலிருந்து கற்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நிகழ்ச்சி குழந்தை உளவியலாளரையும் கல்வியாளரையும் உடன் வைத்து எழுதப்பட்டது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முடிவு இருந்தது. முடிந்தபின் வீடு மீண்டும் வீடாகியது. இன்று குழந்தையின் கைப்பேசியில் ஓடுவது அதன் வழித்தோன்றல் அன்று. ஒன்று முடியும் முன்பே அடுத்ததைத் தானே தொடங்கும் ஓட்டம் அது. 2017இல் ‘எல்சாகேட்’ என்று பெயர்பெற்ற விவகாரத்தில் உலகம் கண்டது இதைத்தான்: எல்சா, ஸ்பைடர்மேன், பெப்பா பன்றி ஆகிய உருவங்களைப் பயன்படுத்தி, தேடுசொற்களைத் தலைப்பில் அடுக்கி, ஊசியும் வன்முறையும் கலந்து குவிக்கப்பட்ட காணொளிகள் குழந்தைகளின் திரைக்கு நேராகச் சென்றன. அதே ஆண்டு ஜேம்ஸ் பிரைடில் எழுதிய கட்டுரை அதன் மூலகாரணத்தைச் சரியாகச் சுட்டியது. கெட்ட எண்ணம் கொண்ட ஒரு படைப்பாளியைத் தேடுவதில் பயனில்லை; பரிந்துரைக்கும் பொறிமுறையே அங்கே படைப்பாளி.

இவ்விரண்டையும் ஒரே பட்டியலில் சேர்ப்பது அறிவுச் சோம்பல். ஒன்று, பெயர் தெரிந்த இருவர் ஐந்தாண்டுகளில் ஆறு குறும்பகுதிகளாகச் செய்த பகடி; குழந்தைமையைப் பற்றியது, குழந்தைக்கானது அன்று. அதற்கு வயது எல்லை வேண்டும் என்பதில் எவருக்கும் மறுப்பிருக்க முடியாது. மற்றொன்று, குழந்தைக்காகவே குழந்தையை நோக்கி ஏவப்படுவது.

சட்டம் இவ்வேறுபாட்டை அறிகிறதா என்று காணத் தில்லியின் லோதி ரோட்டைப் பார்க்க வேண்டும். அங்குள்ள சி.ஜி.ஓ. வளாகத்தில், எலெக்ட்ரானிக்ஸ் நிகேதனில், மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இயங்குகிறது. 2021 பிப்ரவரியில் அது அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையவழித் தொடர்களையும் படங்களையும் வயதுவாரியாக ஐந்து நிலைகளில் வகைப்படுத்தச் சொல்கின்றன. கருப்பொருள், வன்முறை, ஆடையின்மை, பாலியல், மொழி, போதைப்பொருள், திகில் ஆகியவை அதற்கான அளவுகோல்கள். அனைத்தும் திரையில் தெரிவன. திரை குழந்தையை எவ்வாறு விளிக்கிறது, எப்போது நிறுத்துகிறது, மறுமொழிக்கு இடம் தருகிறதா என்பதற்கு அங்கே அளவுகோல் இல்லை. தொழில்முறையாக அன்றித் தனியாட்கள் பதிவேற்றுவனவற்றுக்கு அவ்வகைப்பாடு பொருந்துவதும் இல்லை. அணங்கைத் தேடும் சட்டம் அது. இறை அதன் கண்ணில் படாது.

அதே அமைச்சகத்தின் மற்றோர் ஆவணம் இதைவிடத் தெளிவாகச் சிந்தித்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிறையாதோரைப் பின்தொடர்வதையும், அவர்தம் நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. விலக்கு அளிக்கும் அதிகாரத்தையும் அரசு தன்னிடம் வைத்துக்கொண்டுள்ளது. அது தனியே எதிர்க்கப்பட வேண்டியது. எனினும் கேள்வி அங்கே சரியாகக் கேட்கப்பட்டுள்ளது: குழந்தை எதைப் பார்க்கிறது என்பதைவிட, குழந்தையை எது பார்க்கிறது? ‘டோன்ட் ஹக் மீ’ தொடரின் நான்காம் பகுதியில் கணினி செய்வதும் இதுவே. அது கேள்விமேல் கேள்வி கேட்கிறது, விடைக்குக் காத்திருப்பதில்லை. அப்பகுதி வெளிவந்தது 2015இல். ‘கொடூரம்’ என்று ஒதுக்கப்பட்ட பகடி, சட்டத்துக்கு எட்டாண்டு முன்பே அதன் பொருளைப் பேசிவிட்டது.

கல்விப்புலத்தின் மறுகரையில் நிற்போரும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டோர் அல்லர். தொடரின் ரசிகர்களாக இருந்து ஆய்வாளர்களானோர், அதில் மீண்டும் மீண்டும் வரும் ஜூன் 19 என்ற தேதிக்கும், மஞ்சள் உருவத்தின் தந்தைக்கும், சுவரில் தொங்கும் படங்களுக்கும் பொருள் கண்டுபிடிப்பதில் பக்கங்களைச் செலவிடுகின்றனர். மறைபொருளை அவிழ்த்துவிட்டால் பகடி தீர்ந்துவிடும் என்று எண்ணுவது, அங்கதத்தை விடுகதையாகச் சுருக்குவது. அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. பழியைக் கரந்து கூறுவதன் நோக்கம், கேட்பவர் அப்பழி யாருக்கு உரியது என்று உணர்வதே. இங்கே அது குழந்தையிடம் ‘நாம்’ என்று கூறிவிட்டு மறுமொழி கேளாத எல்லாருக்கும் உரியது. வகுப்பறைக்கும் கருத்தரங்க மேடைக்கும் சேர்த்தே.

லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இருக்கிறது. தலைநகரில் வளரும் தமிழ்க் குழந்தைக்குத் தெருவில் தமிழ் இல்லை, விளையாட்டில் இல்லை, பள்ளி நேரம் போக எஞ்சுவது வீடும் திரையும்தான். பெற்றோர் இருவரும் பணிக்குச் செல்லும் வீட்டில் திரையின் பங்கு கூடும். சென்னைக் குழந்தைக்கு டோரா பல குரல்களுள் ஒன்று. தில்லிக் குழந்தைக்குத் தமிழின் பெரும்பங்கு அக்குரலாகவே அமைந்துவிடக்கூடும். அப்போது அக்குழந்தை தமிழில் எண்ணக் கற்கும், நிறம் சொல்லக் கற்கும், பாடக் கற்கும். தமிழில் மறுக்கக் கற்காது. நேர் விடை மட்டும் தெரிந்த ஒரு மொழி, அதைப் பேசுபவருக்குத் தாய்மொழியாக நிற்பதில்லை. சடங்கு மொழியாகவே எஞ்சும்.

ஆகவே கல்வியாளர்கள் கேட்க வேண்டியது ஒரு பகடித் தொடரின் தடையை அன்று. குழந்தைகளுக்கான காணொளிகளில் தானியங்கித் தொடரோட்டம் இயல்புநிலையில் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்கட்டும். வகைப்பாட்டு அளவுகோல்களில் விளிக்கும் முறையும் சேர வேண்டும் என்று கேட்கட்டும். ‘இருவழி உரையாடல்’ என்று விளம்பரப்படுத்தப்படும் ஒவ்வொரு கற்றல் செயலியையும் எட்டு விடைகளால் சோதிக்கட்டும். ‘மாட்டேன்’ என்று குழந்தை கூறியபின் அச்செயலி என்ன செய்கிறது என்பதே அதன் தரம்.

அந்தக் கடிகாரம் கத்தியது. இன்றைய செயலிகள் கத்துவதில்லை. புன்னகைத்தபடி அடுத்த பாட்டுக்குச் செல்கின்றன. இரண்டில் எது அஞ்சத்தக்கது என்பதைத் தடை கோருவோர் முதலில் முடிவு செய்துகொள்ளட்டும்.